மீனுக்குக் கால் முளைத்த கதை

(திருவொற்றியூரில் தொழிலாளர் படிப்பக வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)

போன மாத வகுப்பு முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பொன்னேரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த விவசாயத் தொழிலாளித் தோழர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்தார். "தோழர், நிலத்துல நடக்கிற ஜீவனெல்லாம் மீனிலிருந்து வந்ததுன்னு பேச்சோட பேச்சா சொல்லிட்டீங்க. அதை யாராவது கண்ணால பார்த்தாங்களா? எம் பொண்ணு கேக்குது, எனக்குப் பதில் தெரியல" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வகுப்பில் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தோம். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இன்றையப் பேச்சு.

இதே மாதிரிக் கேள்வியை 2018 ஜனவரியில் மத்திய சர்க்காரின் கல்வித் துறை இணை மந்திரியாக இருந்த சத்யபால் சிங் என்பவரும் கேட்டார். குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை. ஆகவே டார்வின் சொன்னது தப்பு, பாடப் புத்தகங்களை மாற்ற வேண்டும் என்றார். 2023-ல் மத்திய கல்வித் திட்டத்தின் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தேவிட்டார்கள். கேட்டதற்கு, மாணவர்களின் சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். 1800-க்கும் அதிகமான விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு ஆட்சேபித்தார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஆலைக்கும் வயலுக்கும் போகிற பிள்ளைகள் இந்த நாட்டில் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்தப் பாடம் வேறு எங்கே கிடைக்கும்? நாமும் பத்தாம் வகுப்போடு நின்றவர்தான். ஆகையால் இது நமக்குச் சுரீர் என்று படுகிறது.

மந்திரி கேட்டது பேச்சை மூடுவதற்கு. நம் தோழர் கேட்டது மகளுக்குப் பதில் சொல்வதற்கு. ஆகவே மந்திரியை விட்டுவிடுவோம், தோழருக்குப் பதில் சொல்வோம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்த விஷயம் வட சென்னைக்குப் புதிதல்ல. மீனவர் குலத்தில் 1860-ல் பிறந்த தோழர் சிங்காரவேலர், 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றியவர், 1930-களில் 'குடி அரசு' பத்திரிகையிலும் பிறகு தாமே நடத்திய 'புது உலகம்' பத்திரிகையிலும் டார்வினைப் பற்றியும் உயிர்களின் தோற்றத்தைப் பற்றியும் தமிழில் எழுதினார். சாதாரண ஜனங்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. இராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். அந்த வழியாகத் தினம் துறைமுகத்துக்குப் போகிற தோழர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்!

சரி, கண்ணால் பார்ப்பதிலிருந்தே தொடங்குவோம். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற எண்ணூர் கழிமுகத்துக்குப் போங்கள். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் அலையாத்திச் செடிகளின் அடியில் சேறு தெரியும். அந்தச் சேற்றில் விரல் நீளத்துக்கு ஒரு ஜந்து துள்ளித் துள்ளிப் போகும். தவளை என்று நினைப்பீர்கள், அது மீன். ஊருக்கு ஊர் அதற்கு ஒரு பெயர் உண்டு. நாம் இங்கே சேற்றுத் துள்ளி என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சுப் பக்கத்துத் துடுப்பு இரண்டையும், கால் ஊனமானவர் இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி நடக்கிற மாதிரி ஊன்றி நடக்கும். கண் இரண்டும் தலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். காய்ந்து போனால் உள்ளே இழுத்து ஈரமாக்கிக்கொண்டு மறுபடி வெளியே விடும். செவுள் அறையில் தண்ணீரை அடைத்துக்கொண்டும், ஈரமான தோல் வழியாகவும் வாய்க்குள் இருக்கும் தோல் வழியாகவும் மூச்சு விட்டுக்கொண்டும் மணிக்கணக்கில் வெளியே இருக்கும். சேற்றில் வளை தோண்டும், எல்லைச் சண்டை போடும். முதுகுத் துடுப்பைக் கொடி மாதிரித் தூக்கிக் காட்டி எதிரியை மிரட்டும்.

இந்த மீனைக் காட்டி, "பாருங்கள், நம் முன்னோர் தண்ணீரைவிட்டு ஏறுகிறார்" என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். அப்படிச் சொன்னால் அது பொய். சேற்றுத் துள்ளி நம் பாட்டன் அல்ல. அது இன்றைக்கு வாழ்கிற மீன். நமக்கு வெகு தூரத்துப் பங்காளி. தண்ணீருக்கும் தரைக்கும் நடுவே வாழ முடியும் என்று மட்டும் அது காட்டுகிறது. எப்படி ஏறினார்கள் நம் சொந்தப் பாட்டன்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

வயலில் வேலை செய்கிற தோழர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். "இதென்ன பெரிய அதிசயம், எங்கள் விராலையும் பனையேறிக் கெண்டையையும் பார்த்ததில்லையா?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஏரி வற்றினால் விரால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மழை பெய்தால் எழுந்து வரும். பனையேறிக் கெண்டை, மழை பிடித்த இரவில் ஒரு குட்டையைவிட்டு மறு குட்டைக்கு வரப்பைத் தாண்டிப் போகும். செவுள் மூடியில் முள் முள்ளாக இருக்கும். அதை ஒரு பக்கம் ஊன்றி, உடலை நெளித்து உந்தி, மறு பக்கம் ஊன்றி நகரும்.

இந்தப் பனையேறியைப் பற்றி நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோழரின் கேள்விக்கும் அதற்கும் நேர்ச் சம்பந்தம் இருக்கிறது. தரங்கம்பாடி அந்தக் காலத்தில் டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. அங்கே இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, 1791-ல், குளத்தங்கரைப் பனை மரத்தில் தண்ணீருக்கு மேலே சுமார் ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைப் பிடித்ததாகவும், அது செவுள் முள்ளைப் பட்டையில் மாட்டி மேலே ஏறிக்கொண்டிருந்ததாகவும் எழுதினார். 1797-ல் லண்டன் விஞ்ஞானச் சங்கத்தின் ஏட்டில் அது அச்சானது. இதற்குள் 1792-லேயே பெர்லினில் பிளோக் என்ற மீன் விஞ்ஞானி அந்த மீனுக்கு விஞ்ஞானப் பெயரும் சூட்டிவிட்டார். பனையேறி என்ற பெயரை மட்டும் எந்த டேனிஷ்காரரும் வைக்கவில்லை. அது நம் ஜனங்கள் வைத்த பெயர்.

ஐரோப்பாவில் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் வாதம் நடந்தது. பிறகு தாஸ் என்ற இந்திய விஞ்ஞானி காற்றைச் சுவாசிக்கும் நம் நாட்டு மீன்களை வரிசையாக ஆராய்ந்து 1927-ல் பெரிய கட்டுரை எழுதினார். பனையில் மீனைக் கண்டது பொய்யாக இராது. ஆனால் காக்கையும் பருந்தும் குட்டையிலிருந்து கவ்விக்கொண்டு போய் மரத்தில் வைத்த மீன் அது. சீக்கிரம் சாகாத மீன் ஆகையால் உயிரோடு நெளிந்துகொண்டிருந்திருக்கும், அதைப் பார்த்தவர்கள் ஏறியது என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது அவர் தந்த விளக்கம்.

பார்த்தீர்களா! டால்டார்ஃப் கண்ணால் பார்த்தேன் என்றுதான் சொன்னார். கண்ணால் பார்த்தது மட்டும் வழக்கைத் தீர்த்துவிடவில்லை. கோர்ட்டிலும் அப்படித்தானே? கண்ணால் கண்ட சாட்சி பிறழ்வான், கைரேகை பிறழாது. நமக்கு வேண்டியது கைரேகை. அது இருக்கிறதா என்று பார்ப்போம்.

முதலில் மூச்சு. ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லி லிட்டர் பிராணவாயு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில், நம் ஊர்ச் சூட்டில், நல்ல தண்ணீராக இருந்தாலும் ஐந்து ஆறு மில்லி லிட்டருக்கு மேல் கரைந்திருக்காது. தண்ணீர் சூடாக ஆக அதுவும் குறையும். இலை தழை அழுகினால் அதை அழுக வைக்கும் கிருமிகளே மீதியையும் குடித்துவிடும். சித்திரை வெயிலில் குட்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தலைக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் முப்பது நாற்பது மடங்கு பிராணவாயு இருக்கிறது, கீழே திணறல். இந்த நிலைமையில் காற்றை ஒரு வாய் விழுங்கி, அதிலிருந்து கொஞ்சம் பிராணவாயுவை ரத்தத்தில் சேர்க்க முடிந்த மீன் பிழைக்கும். பனையேறிக்குச் செவுளுக்கு மேலே அதற்கென்று மடிப்பு மடிப்பான ஒரு உறுப்பு இருக்கிறது. அந்த மீனை மேலே வரவிடாமல் தண்ணீருக்குள் தடுத்து வைத்தால் மூச்சு முட்டிச் செத்துப் போகும். தண்ணீரில் மூழ்கிச் சாகிற மீன்!

நம் பாட்டன் மீன்களுக்கு இந்த மடிப்பு உறுப்பு இல்லை. அவற்றுக்கு இருந்தது நுரையீரல். இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. காசிமேட்டில் கூறல் மீனின் வயிற்றிலிருந்து எடுத்துக் காயவைத்து நல்ல விலைக்கு விற்கிறார்களே, நெட்டி, அது மீனின் காற்றுப்பை. தண்ணீரில் மேலே கீழே நிலை கொள்ள உதவுவது. டார்வின் 1859-ல் தம் புத்தகத்தில், இந்தக் காற்றுப்பைதான் பின்னால் நுரையீரலாக மாறியது என்று எழுதினார். அது தலைகீழ். பிந்தி வந்தவர்கள் ஆராய்ந்து பார்த்ததில், எலும்பு மீன்களின் ஆதிப் பரம்பரைக்கே நுரையீரல் இருந்தது, பெரும்பாலான மீன்களில் அதுதான் காற்றுப்பையாக மாறியது என்று தெரிந்தது. டார்வினே சொன்னாலும் தப்பு தப்புதான் என்று விஞ்ஞானிகள் திருத்தினார்கள். நாம் கவனிக்க வேண்டியது இது: தரைக்கு வருவதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்பே, தண்ணீருக்குள்ளேயே, மூச்சுத் திணறலைச் சமாளிக்க நுரையீரல் வந்துவிட்டது.

அடுத்து கால். எல்லோரும் வலது கையை நீட்டுங்கள். இடது கையால் தடவிப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை வரை ஒரே எலும்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு எலும்பு; கையைத் திருப்பினால் ஒன்றின் மேல் ஒன்று புரளும். மணிக்கட்டில் பொடி எலும்புகள். அப்புறம் விரல்கள். ஒன்று, இரண்டு, பொடி, விரல். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கையும் இதுதான், நாற்று நடும் கையும் இதுதான், மந்திரி கோப்பில் கையெழுத்துப் போடும் கையும் இதுதான். எருமையின் முன்னங்காலைப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, பொடி, விரல், விரல் குறைந்து குளம்பாகிவிட்டது. வௌவாலின் சிறகு, தவளையின் கால், திமிங்கிலத்தின் துடுப்பு, எல்லாம் அதே கணக்கு. பறப்பதற்கு ஒரு மாதிரி, நீந்துவதற்கு ஒரு மாதிரி, உழுவதற்கு ஒரு மாதிரி என்று தனித்தனியாகச் செய்திருந்தால் ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே அடுக்கு? ஒரே வார்ப்படத்திலிருந்து எடுத்து, பிறகு ராவி ராவி வேறு வேறு ஆக்கியது போல் இருக்கிறது. பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இந்த வார்ப்படம் மீனில் இருக்கிறதா? வஞ்சிரத்திலோ கெண்டையிலோ தேடினால் கிடைக்காது. அவற்றின் துடுப்பு விசிறிக் கம்பி மாதிரி. ஆனால் வேறு ஒரு மீன் சாதி உண்டு, சதைத் துடுப்பு மீன்கள். அவற்றின் துடுப்புக்குள் தோளோடு ஒட்டி ஒரு எலும்பு, அதற்கடுத்து இரண்டு. அந்தச் சாதி ஒரு காலத்தில் ஏராளமாக வாழ்ந்தது. இன்று ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவின் நுரையீரல் மீன்களும், சீலகாந்த் என்ற ஆழ்கடல் மீனும்தான் மிச்சம். சீலகாந்த் டைனோசர்களோடு அழிந்துபோனது என்றே விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். 1938 டிசம்பரில் தென் ஆப்பிரிக்காவில் இழுவைப் படகுக்காரர்கள் கொண்டு வந்து கொட்டிய மீன் குவியலில் ஐந்தடி நீளத்தில் அது கிடந்தது. சிறிய மியூசியம் ஒன்றில் வேலை பார்த்த மார்ஜரி கோர்ட்னி-லாடிமர் என்ற இளம்பெண் குவியலைக் கிளறிப் பார்த்துக் கண்டுபிடித்தார். பெரிய பேராசிரியர் யாரும் அல்ல!

இனிக் கைரேகைக்கு வருகிறோம். கிரீன்லாந்து என்ற பனித் தீவில், 36 கோடியே 50 லட்சம் வருஷப் பழமையான பாறைகளில், கால் உள்ள ஜீவன்களின் எலும்புகள் கிடைத்தன. 1930-களில் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் தொடங்கினார்கள். 1987-ல் இங்கிலாந்தின் ஜென்னி கிளாக் என்ற அம்மையார் மறுபடி அங்கே போய், அகந்தோஸ்டெகா என்ற ஜீவனின் நல்ல எலும்புக்கூடுகளைக் கொண்டு வந்தார். பாறையைச் சுரண்டிப் பார்த்தால் அதன் கையில் எத்தனை விரல் தெரியுமா? எட்டு! அதன் கூட்டாளி இக்தியோஸ்டெகாவின் பின்னங்காலில் ஏழு. ஐந்து விரல்தான் ஆதியிலிருந்து வந்த விதி என்று புத்தகங்களில் எழுதியிருந்ததெல்லாம் அன்றோடு போயிற்று.

அதைவிடப் பெரிய செய்தி வேறு. அகந்தோஸ்டெகாவுக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, விரல் இருக்கிறது. ஆனால் கூடவே மீனைப் போல் செவுளும் இருக்கிறது. மணிக்கட்டும் கணுக்காலும் உடல் பாரத்தைத் தாங்கிற மாதிரி இல்லை. வால் நீந்துவதற்கான அகன்ற வால். அதாவது, அந்தக் காலால் அது தரையில் நடக்கவில்லை. களைகளும் விழுந்த கிளைகளும் அடைந்த தாழ்ந்த தண்ணீரில், செடிகளை விலக்கிக்கொண்டு, அடித் தரையை உந்திக்கொண்டு, தலையை மேலே நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. தரையில் ஏறிய பிறகு கால் முளைக்கவில்லை தோழர்களே! கால் முளைத்தது தண்ணீருக்குள்.

இதற்கும் முந்திய படியில், பாதி மீனும் பாதி நாற்காலியுமாக ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் நீல் ஷூபின், டெட் டேஷ்லர் ஆகியோர் இப்படிக் கணக்குப் போட்டார்கள்: இன்ன வயதுப் பாறை, அதுவும் பழைய ஆற்றுப் படுகைப் பாறை, வெளியே தெரிகிற பாறை, இதற்கு முன் யாரும் தேடாத இடம். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவு அகப்பட்டது. இன்று அது பனி. ஆனால் அந்தப் பாறை உண்டான காலத்தில் அந்த நிலப்பரப்பு பூமத்திய ரேகைப் பக்கம், நம் ஊர் மாதிரிச் சூட்டில் இருந்தது. 1999-ல் தேடத் தொடங்கினார்கள். வருஷக் கணக்கில் ஒன்றும் இல்லை. 2004-ல் பாறையிலிருந்து ஒரு தட்டை முகம் எட்டிப் பார்த்தது. டிக்டாலிக் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பகுதியின் இனுயிட் மக்களின் மூத்தோரைக் கேட்டு வைத்த பெயர். 37 கோடியே 50 லட்சம் வருஷப் பழமை. செதிலும் துடுப்பும் மீன். தட்டைத் தலையும், தோளைவிட்டு விடுபட்டுத் தனியே திரும்பும் கழுத்தும் மீன் அல்ல. துடுப்புக்குள்ளே ஒன்று, இரண்டு, மணிக்கட்டு மாதிரிப் பொடி எலும்புகள். தரையில் கையை ஊன்றித் தண்டால் எடுக்கிற மாதிரி முன் உடம்பைத் தூக்க அதனால் முடிந்திருக்கும்.

யாராவது பார்த்தார்களா என்ற கேள்விக்கு நம் பதில் இதுதான். நடந்தபோது பார்க்க யாரும் இல்லை. ஆனால் இந்த வயதுப் பாறையில், இப்படிப்பட்ட இடத்தில், இந்த மாதிரி ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்த் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். பொய்யான கொள்கையை வைத்துக்கொண்டு இப்படித் தோண்டி எடுக்க முடியுமா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2010-ல் போலந்து நாட்டில், சுமார் 39 கோடி வருஷப் பாறையில் கால் தடங்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள். அது கால் தடம்தானா என்று வாதம் உண்டு. கால் தடம்தான் என்றால், டிக்டாலிக்குக்கு முன்பே கால் உள்ளவை வந்துவிட்டன. டிக்டாலிக் நம் நேர்ப் பாட்டன் அல்ல, பாட்டனின் தம்பி வழி. கதை இன்னும் பழையதாகுமே தவிர மாறாது.

இப்போது நம் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறோம். பல வருஷத்துக்கு முன், இதே மாதிரி ஒரு வகுப்பில் நாம் இதே விஷயத்தைப் பேசினோம். அப்போது எப்படிப் பேசினோம் தெரியுமா? "குட்டை வற்றியது, மீன் சோர்ந்துவிடவில்லை, தரையில் ஏறப் போராடியது, போராடிப் போராடித் துடுப்பு காலானது, தொழிலாளி வர்க்கமும் அப்படியே!" என்று முழங்கினோம். நல்ல கைதட்டல். கைதட்டல் ஓய்ந்ததும் பின் வரிசையிலிருந்து, துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்வு பெற்ற ராயபுரத்துப் பெரியவர் ஒருவர் எழுந்தார். சட்டையை இறக்கித் தோளைக் காட்டினார். கருங்கல் மாதிரிக் காய்ப்பு. "தம்பி, முப்பது வருஷம் மூட்டை தூக்கினேன். எங்கப்பாவும் தூக்கினார். எனக்கு மூணு பசங்க. ஒருத்தனாவது தோள்ல காய்ப்போட பொறந்தானா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நமக்கு வாயடைத்துப் போயிற்று.

பெரியவர் கேட்டதுதான் சரி. உழைத்துப் பெற்ற காய்ப்பு பிள்ளைக்குப் போவதில்லை. மீன் எவ்வளவு முயன்றாலும் அந்த முயற்சி அதன் முட்டைக்குள் போவதில்லை. பிறகு எப்படி நடக்கிறது? விரால் ஈன்ற குஞ்சுகளைப் பாருங்கள். சிவப்பாகக் கூட்டம் கூட்டமாகத் திரியும். தாயும் தகப்பனும் காவல் இருந்தும் மிஞ்சுவது சில. எல்லாக் குஞ்சும் ஒரே அச்சு அல்ல. ஒன்றுக்குத் துடுப்பின் அடி சற்றுத் தடிப்பு, ஒன்றுக்கு மூச்சு சற்று நீளம். இந்த வித்தியாசம் பிறவியிலேயே, குருட்டாம்போக்கில் வருவது. அதில் பல பரம்பரையாகத் தொடரும். குட்டை திணறுகிற வருஷத்தில் எது தப்புகிறதோ அது முட்டையிடும். நீங்கள் களத்தில் விதை நெல்லுக்கு நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்குகிறீர்கள். இயற்கையில் ஒதுக்குகிற ஆள் இல்லை, வறட்சியும் பசியும் எதிரியும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. லட்சக்கணக்கான தலைமுறை இப்படிப் போனால் துடுப்பு காலாகிறது. அது தரைக்குப் போக வேண்டும் என்று எந்த மீனும் நினைக்கவில்லை. தண்ணீரில் பிழைக்க உதவிய கால், பிறகு தரையிலும் உதவியது. தரையிலோ அதற்குள் செடிகள் வளர்ந்துவிட்டன, மரவட்டையும் பூரானும் பூச்சிகளும் ஏறி உட்கார்ந்துவிட்டன. தின்ன ஆளில்லாத இரை!

இந்தத் தவறை நாம் மட்டும் செய்யவில்லை. நம் இயக்கமே பெரிய அளவில் செய்தது. சோவியத் நாட்டில் லைசெங்கோ என்பவர், பழக்கத்தால் வந்த மாறுதல் விதைக்குள் போகும் என்று சாதித்தார்; மேலிடத்தின் ஆதரவும் கிடைத்தது. எதிர்த்த விஞ்ஞானிகள் பதவி இழந்தார்கள். உலகமெல்லாம் சுற்றி விதைகள் சேகரித்த வாவிலோவ் 1943-ல் சிறையிலேயே மாண்டார். 1965-ல்தான் லைசெங்கோ தம் நிலையத் தலைமையிலிருந்து இறக்கப்பட்டார். நமக்குப் பிடித்த கதையாக இருப்பதால் ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். மந்திரியை மட்டும் கண்டித்துவிட்டு இதைச் சொல்லாமல் போனால் அது நியாயம் ஆகாது.

ஹால்டேன் பெயரை இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானி, அங்கே கட்சியின் 'டெய்லி ஒர்க்கர்' பத்திரிகையில் தொழிலாளிகளுக்காக நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர். லைசெங்கோ பிரச்சினையில் முதலில் தயங்கினார், மழுப்பினார் என்றுகூடச் சொல்லலாம். 1950 வாக்கில் கட்சியைவிட்டு விலகினார். 1957-ல் இந்தியாவுக்கு வந்து, 1961-ல் இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேசுவரத்தில் காலமானார். இங்கே அவரும் அவர் மனைவி ஹெலன் ஸ்பர்வேயும் என்ன ஆராய்ந்தார்கள் தெரியுமா? நம் பனையேறி எப்படி மூச்சு விடுகிறது என்பதை! 1963-ல் அது பற்றிய கட்டுரை வெளிவந்தது. வரப்பில் நெளிகிற மீனை அவ்வளவு பெரியவர் மதித்தார்.

மில் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தறிக்கூடத்தில் முப்பது வருஷம் நின்று காது மந்தமானவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். காதின் உள்ளறையில் தண்ணீர் மாதிரித் திரவம் இருக்கிறது. அதில் அசையும் நுண்ணிய மயிர்கள்தான் சத்தத்தை உணர்கின்றன. தறிச் சத்தம் கொல்வது அந்த மயிர்களை. ஆனால் காற்றில் வரும் சத்தம் திரவத்துக்குள் சுலபமாக இறங்காது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். குளத்துக்குள் முழுகியிருக்கும்போது கரையில் கூப்பிட்டால் கேட்கிறதா? ஆகவே தரையில் வாழ்வதற்கு இடையில் ஒரு தரகர் எலும்பு தேவைப்பட்டது. நம் காதில் அரை அரிசி அளவில், குதிரைச் சேணத்து அங்கவடி மாதிரி ஒரு எலும்பு அந்த வேலையைச் செய்கிறது. அது எங்கிருந்து வந்தது? மீனில் தாடையைக் கபாலத்தோடு தாங்கிப் பிடித்த எலும்பு அது. அகந்தோஸ்டெகாவில் இன்னும் தடித்த முட்டாகத்தான் இருந்தது, காதுக்கு அதிகம் உதவியிராது. தாடைக்கு அது தேவைப்படாமல் போன பிறகு, மெல்ல மெல்லச் சிறுத்துக் காதுக்கு வந்து சேர்ந்தது. புது உறுப்பு எதுவும் ஆகாயத்திலிருந்து இறங்கவில்லை. இருந்ததையே வைத்து ஒப்பேற்றிய வேலை. நம் இடுப்பு வலியும் முழங்கால் வலியும் இந்த ஒப்பேற்றலில் சேர்ந்தவைதான் என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

கடைசியாக மறுபடியும் எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வாரம் நாம் காட்டுக்குப்பம் பக்கம் போயிருந்தோம். அலையாத்தி வேரெல்லாம் கறுப்பு. மீனவத் தோழர்கள் பக்கெட்டாலும் கையாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வலையும் படகும் பாழ். சேற்றில் நம் துள்ளியைத் தேடினோம். ஈரத் தோலால் மூச்சு விடுகிற மீன் அது. தோல் மேல் எண்ணெய் படிந்தால், மூக்கை அடைத்தது மாதிரி. அன்று நம் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. அனல் மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே கழிமுகத்தின் பல இடங்களை மேடாக்கிவிட்டது. அந்த மண்ணில் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இதைப் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் கேட்கிற நஷ்டஈட்டையும் சீரமைப்பையும் பற்றி அடுத்த வகுப்பில் அந்த ஊர்த் தோழரே வந்து பேசுவார்.

சில மாதம் கழித்து மறுபடி போனபோது, வடக்குப் பக்கத்துச் சேற்றில் இரண்டு மூன்று துள்ளிகளைப் பார்த்தோம். ஒன்று முதுகுக் கொடியைத் தூக்கி நம்மையே மிரட்டியது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து அங்கே போவதாக ஏற்பாடு. எண்ணூர் பஸ் நிலையத்தில் கூடுகிறோம். பொன்னேரித் தோழர் மகளை அவசியம் அழைத்து வரட்டும். இடுப்பளவு சேறு உண்டு. நல்ல துணி உடுத்தி வர வேண்டாம். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.